கவச உடைக்குள் ஒரு கடிகாரம்

2020-ஆம் ஆண்டில் கொரோனா வார்டுக்குள் நுழைந்த செவிலியர் பலருக்கு, கவச உடையை ஒருமுறை அணிந்துவிட்டால் பல மணி நேரம் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குச் செல்லவோ வழியில்லை. அவர்களில் ஒருவர் புகைப்பவராகவும் இருந்துவிட்டால், அந்த நேரம் முழுவதும் அவரது இரத்தத்தில் வேறொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும்.

உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோட்டின், நுரையீரல் வழியாக ஏறக்குறைய 20 வினாடிகளுக்குள் மூளையை எட்டி, அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளுக்காக நரம்புச் செல்களில் அமைந்த ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடுவதால், ஆறு மணி நேரப் பணி முடியும்போது எஞ்சியிருப்பது எட்டில் ஒரு பங்குதான். நெடுநாள் புகைப்பவரின் மூளையிலோ இந்த ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கும். நிகோட்டின் வடிய வடிய எரிச்சலும் பதற்றமும் கவனச் சிதறலும் தலைதூக்குவது அதனால்தான்.

உடையைக் கழற்றி, கை கழுவி, வெளியே வந்து பற்றவைக்கும் முதல் சிகரெட் இந்த அறிகுறிகளைச் சில நிமிடங்களில் அடக்கிவிடுகிறது. நோயாளிகளின் மரணத்தைப் பார்த்த வேதனையும் நிகோட்டின் குறைந்ததால் வந்த பதற்றமும் ஒரே வேளையில் வந்து சேர்வதால், இரண்டையுமே சிகரெட்தான் தணித்தது என்று மூளை கணக்கெழுதிக்கொள்கிறது. உண்மையில் அது தணித்தது பெரும்பாலும் முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற குறையைத்தான். புகைப்பதை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், சில வாரங்களுக்குப் பின் அவர்களின் மனப்பதற்றம் முன்பிருந்ததைவிடக் குறைந்தே காணப்பட்டது. புகையின் தீமையை மற்றவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் ஏன் புகைக்கிறார்கள் என்று கேட்பவர்கள், பழக்கம் உருவாகும் இந்த வழியைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதே ஏற்பி அந்த ஆண்டு பிரான்சில் ஒரு விசித்திரமான திருப்பத்துக்கும் காரணமாயிற்று. 1970-இல் மின்விலாங்கின் மின்னுறுப்பிலிருந்து இந்த ஏற்பியைப் பிரித்தெடுத்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ழான்-பியர் ஷாஞ்சே, பாரிஸின் பித்தியே-சல்பெத்ரியே மருத்துவமனைக் குழுவினரோடு சேர்ந்து, கொரோனா நோயாளிகளில் புகைப்போர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைச் சுட்டி, நிகோட்டின் ஒருவேளை தொற்றைத் தடுக்கக்கூடும் என்ற கருதுகோளை ஏப்ரலில் முன்வைத்தார். கருதுகோள் என்ற சொல் செய்திகளில் எளிதாக உதிர்ந்துபோயிற்று. மருந்தகங்களில் மக்கள் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பட்டைகளை வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்று அஞ்சிய பிரெஞ்சு அரசு, 24 ஏப்ரல் அன்று ஒருவருக்கு ஒரு மாதத்துக்கான அளவு மட்டுமே விற்கலாம் என்றும் இணைய விற்பனை கூடாது என்றும் ஆணையிட்டது. பின்னர் செயற்கை சுவாசத்தில் இருந்த நோயாளிகளுக்குப் பட்டை ஒட்டிச் சோதித்தபோது இறப்பு குறையவில்லை. புகைப்பவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனமும் மே மாதத்திலேயே தெரிவித்திருந்தது.

ஆயினும், வார்டில் நின்ற செவிலியருக்கு அந்தப் பட்டையால் வேறொரு பயன் உண்டு. நிகோட்டின் சூயிங்கத்தை வாயிலிட முகக்கவசத்தை விலக்க வேண்டும். பணிக்கு முன்பே தோளில் ஒட்டிக்கொண்ட பட்டையோ, கவச உடைக்கு அடியிலிருந்தபடியே நிகோட்டினைத் தோல் வழியாக மெல்ல மெல்லச் செலுத்திக்கொண்டிருக்கும். சிகரெட்டைப் போல் சட்டென்று உச்சத்துக்கு ஏறாததால் அதில் இன்பம் குறைவு. பணி முடியும்வரை அளவு அதலபாதாளத்துக்கு இறங்குவதும் இல்லை.