ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பிரேக்

குன்றக்குடியிலோ பிள்ளையார்பட்டியிலோ தேர் ஓடும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தால் தேர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் அந்தப் பக்கமாகத் திரும்பும். வயலுக்கு மருந்து தெளிக்கும் சிறிய விமானத்தின் பிரேக்கும் இப்படித்தான் வேலை செய்கிறது. இறங்கும்போது விபத்து நேர்வதும் சில நேரம் இதனால்தான்.

இந்த விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலில் ஒரு சின்னச் சக்கரம். 1970-களில் ஹெச்.ஏ.எல். என்கிற அரசு விமான நிறுவனம் நம் நாட்டிலேயே தயாரித்த ‘பசந்த்’ விமானமும் இதே அமைப்புதான். புரொப்பெல்லர் உயரத்தில் நிற்பதால் மண் தரைக்குத் தோதானது. ஆனால் பிரேக் முன்னால் உள்ள பெரிய சக்கரங்களில் மட்டுமே, இடது காலுக்கும் வலது காலுக்கும் தனித்தனிப் பெடலோடு இருக்கும். ஈர்ப்பு மையமோ, அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதுபோல் செயல்படும் புள்ளியோ, அந்தச் சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால், தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. சிக்கலே இங்கேதான்.

இரண்டையும் ஓங்கி அழுத்தினால் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும், மேலே உள்ள எடை முன்னே பாயும். வால் எழும்பி மூக்கு மண்ணில் குத்தும். புரொப்பெல்லர் தரையில் அடித்துவிட்டால் இன்ஜினையே பிரித்துச் சோதிக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் இன்னும் மோசம். இடது பிரேக்கில் எண்ணெய் கசிந்துவிட்டது, வலது மட்டும் பிடிக்கிறது என்று வையுங்கள். மூக்கு வலப்பக்கம் திரும்பும். பின்னால் உள்ள எடை நேராகவே போகப் பார்ப்பதால் வாலை வெளியே தள்ளி, திருப்பத்தை இன்னும் கூட்டும். கடைசியில் விமானம் சுழன்று, இடது இறக்கை தரையில் உரசும். சக்கரக் கால் ஒடியவும் செய்யும். விமானிகள் இதை ‘கிரவுண்ட் லூப்’ என்பார்கள். மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தில் எடை பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் திருப்பம் தானாகவே அடங்கப் பார்க்கும்.

வேகமும் சேர்ந்துகொள்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டருக்குப் பதில் 120-ல் இறங்கினால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடும்.

கசிவுக்குக் காரணம் பல நேரம் பிரேக்கின் பிஸ்டனைச் சுற்றியுள்ள சின்ன ரப்பர் வளையம். சிறு விமானங்களின் பிரேக்குக்கு வழக்கமாகச் சிவப்பு நிறக் கனிம எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கார் பிரேக் ஆயிலை ஊற்றினால் அந்த வளையம் கெட்டுப்போகும். தயவுசெய்து யாரும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

செட்டிநாட்டில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளம் போன்ற இடத்தில் என்றால், பிரேக்கை அதிகம் தொடாமலே ஓடவிட்டு நிறுத்தலாம். மருந்து விமானத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் வயலோரத்துக் குட்டைத் தளம். அதனால் இறங்கும் முன்பே விமானி இரண்டு பெடலையும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று இளகியிருந்தால், நீளமான தளத்தைத் தேடிப் போய், பிரேக்கை நம்பாமல் வாலில் உள்ள சுக்கானால் நேராக வைத்து இறங்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடும்போது குதிகால் கீழேயே இருக்கட்டும், கால் விரல் தெரியாமல் பிரேக்கில் பட்டுவிடக் கூடாது.