'நல்லாத்தானே பேசுறார் சிஸ்டர்?'

எங்கள் தீக்காய வார்டில் இந்தக் கேள்வியைக் கேட்பது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. கேஸ் கசிந்திருந்த சமையலறையில் லைட் சுவிட்சைப் போட்டிருக்கிறார் அந்த மனிதர். முகம், கழுத்து, மார்பு, இரண்டு கைகள். ஆட்டோவிலிருந்து தானே இறங்கி நடந்து வந்தார். தொண்டையில் டியூப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் மச்சினர் சண்டைக்கு வந்துவிட்டார். 'நல்லாத்தானே பேசுறார், எதுக்கு வென்டிலேட்டர்?'

பேசினார், சரி. எந்தக் குரலில்? வந்தபோது இருந்த குரல் அரை மணி நேரத்தில் கரகரத்துவிட்டது. மூக்கு முடி கருகியிருந்தது, எச்சிலில் கரி. தொண்டை உள்ளே வீங்குகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வீக்கம் முற்றிய பிறகு டியூபை நுழைக்க இடம் இருக்காது. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கிளிப் 98 காட்டுகிறதே என்பார்கள். புகையைச் சுவாசித்தவருக்கு அந்த எண்ணை நம்ப முடியாது. இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தாலும் ஆக்சிஜன் சரியாக இருப்பதாகவே அது காட்டும். 'வலியே இல்லை' என்று அவர் சொன்னாலும் நிம்மதி வேண்டாம். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பே போயிருக்கும்.

அப்புறம், 'யூரின் பையையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே' என்ற கிண்டல். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். குறைந்தால் டிரிப்ஸ் போதவில்லை. கரண்ட் அடித்தவருக்கு டீ நிறத்தில் வந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது, உடனே டாக்டரைக் கூப்பிடுவோம்.

கையைச் சுற்றிலும் வெந்திருந்தால் மணிக்கொரு தரம் நாடி பார்ப்போம். வெந்த தோல் விரியாது, உள்ளே வீக்கமோ ஏறி இரத்த ஓட்டத்தை நெரிக்கும். தோலைக் கீறிவிட வேண்டும் என்றால் தயவுசெய்து அலறாதீர்கள், விரல்களைக் காப்பாற்றத்தான்.

புதிதாக வந்த தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நான்காம் நாள் நோயாளி உளறினால், டியூபைப் பிடுங்கினால், 'ஒத்துழைக்கவில்லை' என்று சார்ட்டில் எழுதி முடிக்காதீர்கள். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். காய்ச்சலை விட, உடம்பு சில்லிட்டுப் போவதுதான் எனக்குப் பயம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், தோசை மாவு எதுவும் வேண்டாம். அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழமே எங்களுக்குத் தெரியும். மோதிரம், வளையல், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். எத்தனை மணிக்குச் சுட்டது என்று குறித்து வாருங்கள். முதல் நாள் டிரிப்ஸில் ஏற்றும் திரவத்தில் பாதியை 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்தக் கணக்கு தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது, நீங்கள் எங்கள் வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல.