நாற்றை நடும் முன் ஒன்றை அறுத்துப் பாருங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தல் போட்டு, சொட்டுநீர் இழுத்து, வெளியூர் நர்சரியில் ஒட்டுக்கன்று வாங்கி நட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நல்ல கொடிகள் பந்தலை மூடிவிட்டன. ஆனால் வரிசைக்கு நாலைந்து கொடிகள் பந்தலைத் தொடவே இல்லை. இலை சிறுத்து, வெளிறி, கணுக்கள் நெருங்கிப்போய் அப்படியே நின்றன. தோட்டக்காரர் வேர் அழுகல் என்று நினைத்து மூன்று தடவை மருந்து ஊற்றியிருந்தார், அப்புறம் நுண்ணூட்டம், அப்புறம் கடைக்காரர் சொன்னார் என்று இன்னொன்று. "இன்னும் எதை சார் ஊத்துறது?" என்றார்.

ஊற்ற வேண்டாம், ஒரு கொடியைப் பிடுங்குவோம் என்றேன். அவருக்கு மனசே வரவில்லை, உயிரோடு நிற்கிற கொடியாச்சே. ஆனாலும் பிடுங்கினோம். வேர் நன்றாகத்தான் இருந்தது. ஒட்டுக்கு நாலு விரல் கீழே கவாத்துக் கத்தரியால் குறுக்கே வெட்டினேன். வெளிப்பட்டை பச்சை, மரம் வெளுப்பு, ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் ஆப்பு அடித்தது போல ஒரு பழுப்புத் துண்டு, விளிம்பிலிருந்து நடுச்சோறு வரைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மேலே வெட்டிக்கொண்டே போனால் அந்த ஆப்பு ஒரு பழைய தழும்பில் போய் முடிந்தது. வேர்ச்செடி (ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் செடி) துளிர்க்கக் கூடாது என்று நர்சரியில் மொட்டைச் சீவி எடுத்த இடம் அது.

பழுப்பும் வெளுப்பும் சந்திக்கிற ஓரத்திலிருந்து சின்னச் சீவல்கள் எடுத்து ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கும் அகார் தட்டில் வைத்தோம். நாலாம் நாள் தட்டு முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு, அப்புறம் அது கறுத்தது. லேசியோடிப்ளோடியா தியோப்ரோமே. மா மரத்தில் கிளை காய்வதற்கும், தென்னையில் ஓலை கருகுவதற்கும் காரணமாகிற அதே பூஞ்சை. நம் வெயிலுக்கு நன்றாகப் பழகினது.

இது நர்சரியில் நுழைந்ததா, நட்ட பிறகு நுழைந்ததா? ஒன்றரை வருடம் கழித்து அதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. கன்று வந்து இறங்கின அன்றைக்கே ரெண்டு மூன்றை அறுத்துப் பார்த்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். விதை வாங்கினால் முளைத்துப் பார்க்கிறோம், மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பதினைந்து வருடம் காய்க்கப் போகிற திராட்சைக் கன்றை மட்டும் இலை பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிடுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும் திராட்சைத் தண்டின் மரப்பகுதி காலியான இடம் இல்லை, எந்த நாட்டில் எந்த நர்சரியில் வாங்கினாலும் சரி. அதற்குள் பல வகைப் பூஞ்சைகள் சேர்ந்து குடியிருக்கின்றன. கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா, ஈஸ்ட் மாதிரி வளரும் ஆரியோபசிடியம் போன்றவை பெரும்பாலும் தொந்தரவு செய்யாதவை, சில நேரம் கெட்டவற்றுக்கு இடம் கொடுக்காமல் காவல் நிற்பவை. அவற்றுக்கு நடுவில்தான் நோய்ப் பூஞ்சைகளும், பல வருடம்கூட, ஒரு அறிகுறியும் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். இதனால்தான் "இந்தக் கன்றில் பூஞ்சை இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால் நான் ஆமாம் என்றுதான் சொல்வேன். எது, எவ்வளவு, எந்த இடத்தில் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த விஷயத்தை அதிகம் ஆராய்ந்தது ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும். காரணம் ஒட்டுக்கன்று. 1860-களில் அமெரிக்காவிலிருந்து போன ஃபைலாக்செரா என்கிற வேர்ப்பேன் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழிக்க ஆரம்பித்தது. அதைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேரில் ஐரோப்பிய ரகத்தை ஒட்டுவது அப்போதுதான் பரவியது. கொடிகள் பிழைத்தன. ஆனால் ஒவ்வொரு கன்றும் அன்றிலிருந்து பல காயங்களோடுதான் பிறக்கிறது.

அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். குளிர்காலத்தில் தாய்க்கொடியிலிருந்து குச்சி வெட்டுகிறார்கள். வேர்ச்செடித் தாய்க்கொடிகள் பல இடங்களில் தரையில் படர்ந்தே கிடக்கும், மண்ணில் புரளும். தாய்க்கொடியின் மரத்துக்குள் பூஞ்சை இருந்தால் குச்சியோடு கூடவே வந்துவிடும். அடுத்து கட்டுக் கட்டாகக் குளிர்அறை. வெளியே எடுத்து தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள், ஒரு கட்டில் இருக்கிற பூஞ்சை வித்து அந்தத் தண்ணீரில் கலந்து அடுத்த கட்டுக்கும் போகிறது. (ஊறவைக்கும் தொட்டித் தண்ணீரிலும், ஒட்டு வெட்டும் கருவியிலும்கூட நோய்ப் பூஞ்சையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.) அப்புறம் மொட்டு சீவுவது, ஒரு குச்சிக்கே பல காயம். இயந்திரத்தில் ஒமேகா வடிவத்தில் வெட்டி ஒட்டு, மெழுகில் முக்கல், பெட்டியில் ஈரமான மரத்தூளோ கரியோ போட்டு இருபத்தைந்து டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பான அறையில் சில வாரம். ஒட்டுக்காயம் ஆறி வெள்ளைச் சதை திரள அந்தச் சூடும் ஈரமும் வேண்டும், பூஞ்சைக்கும் அதே சூடும் அதே ஈரமும்தான் பிடிக்கும். பிறகு வயலில் நட்டு ஒரு கோடை வளர்த்து, பிடுங்கி, வேரை நறுக்கி, மறுபடி ஊறவைத்து, மறுபடி குளிர்அறை. வயலில் இருக்கும்போது மண்ணிலிருந்து இன்னொரு கூட்டம் ஏறுகிறது: டாக்டிலோனெக்ட்ரியா, இலியோனெக்ட்ரியா வகைகள். குச்சியின் அடிவெட்டு சரியாக ஆறாமல் இருந்தால் அதுதான் இவற்றுக்குத் திறந்த வாசல். அடித்தண்டு கீழிருந்து கறுத்துக்கொண்டே வரும், கருங்கால் நோய் என்கிறார்கள்.

ஒட்டு இருக்கிற இடத்தில் ஒரு கூட்டம், அடித்தண்டில் வேறு கூட்டம் என்று ஒரே கன்றுக்குள் இடத்துக்கு இடம் குடியிருப்பு மாறுவதற்கு இதுதான் காரணம். எந்தக் காயம் எந்தக் கட்டத்தில், எந்தத் தண்ணீரில், எந்த மண்ணில் பட்டதோ அதைப் பொறுத்தது.

1912-இல் இத்தாலியில் லியோனெல்லோ பெட்ரி என்பவர் நலிந்த கொடிகளின் தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்கள் கறுத்திருப்பதை விவரித்தார். இளங்கொடிகளைத் தாக்கும் அந்த நோய்க்கு இன்று பெட்ரி நோய் என்றே பெயர். (ஆய்வகத்தில் நாம் புழங்கும் பெட்ரி தட்டுக்குப் பெயர் தந்தவர் வேறு பெட்ரி, ஜெர்மானியர்.) தண்டைக் குறுக்கே வெட்டினால் கரும்புள்ளிகள், கொஞ்ச நேரத்தில் அந்தப் புள்ளிகளிலிருந்து தார் மாதிரி கறுப்பாக ஒன்று கசியும். காரணம் ஃபியோமோனியெல்லா கிளாமிடோஸ்போரா, ஃபியோஅக்ரிமோனியம் வகைப் பூஞ்சைகள். 1990-களில் கலிஃபோர்னியாவில் ஃபைலாக்செராவுக்குத் தோற்றுப்போன பழைய வேர்ச்செடியைப் பிடுங்கிவிட்டு அவசர அவசரமாகப் புதுக்கன்று நட்டார்கள். அந்தப் புதுத் தோட்டங்களில் பல இளங்கொடிகள் வளராமல் நின்றபோதுதான் உலகம் இந்தப் பூஞ்சையை மறுபடி கவனித்தது.

இவ்வளவு காலம் ஏன் தப்பித்தது என்றால், ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். லேசியோடிப்ளோடியா மூன்று நாலு நாளில் தட்டை நிரப்பிவிடும். போட்ரைடிஸ், டிரைக்கோடெர்மா எல்லாம் அதே வேகம்தான். ஃபியோமோனியெல்லா கண்ணுக்குத் தெரியவே வாரக்கணக்கில் ஆகும், அதுவும் குண்டூசித் தலை அளவில். ஒரு வாரத்தில் தட்டைப் படித்துவிட்டுத் தூக்கிப்போட்டால் அது இல்லை என்றுதான் அறிக்கை வரும். இப்போது மரத்தூளிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுத்து, பூஞ்சைகளுக்குப் பொதுவான ஒரு பகுதியைப் படித்து, உள்ளே யார் யார் என்று பட்டியல் எடுக்கிறார்கள். அப்படி எடுத்தபோது நன்றாக நிற்கும் கன்றிலும் நோய்ப் பூஞ்சைகளின் பெயர் வந்தது. பெயர் வந்தால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை, செத்ததின் டிஎன்ஏவும் பட்டியலில் சேரும். அதனால் வெறும் டிஎன்ஏ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கன்றுகளைக் கொளுத்த வேண்டாம்.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். மரத்துக்குள் போய்விட்ட பிறகு, இல்லை. பெரிய கொடிகளில் வரும் எஸ்கா நோய்க்கு ஐரோப்பாவில் சோடியம் ஆர்சினைட் அடித்து வந்தார்கள். ஆளைக் கொல்லும் நஞ்சு, புற்றுநோய் வரவைக்கும், பிரான்ஸ் 2001-இல் தடை செய்தது. நர்சரிகளில் இன்று நம்பகமாகச் செய்வது வெந்நீர்: குச்சிகளையோ கன்றுகளையோ 50 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் முக்குவது. குறைக்கும், ஒழிக்காது. சூடு அதிகம் ஏறினால் மொட்டு சாகலாம், இறங்கினால் பூஞ்சை பிழைத்துவிடும், ஆகவே வெப்பமானி இல்லாமல் அண்டாவில் கொதிக்க வைத்துச் செய்கிற வேலை இல்லை இது. வெந்நீரில் நல்ல பூஞ்சைகளும் போய்விடும். அதனால் அதன் பிறகு அதே பழைய தொட்டியில் ஊறப்போட்டால் காலி வீட்டைத் திறந்து வைத்த மாதிரிதான். டிரைக்கோடெர்மா என்கிற நல்ல பூஞ்சையின் கரைசலில் முக்கி நடுவது எனக்குப் பிடித்த வழி, ஆனால் அது காவலாள்தான், வைத்தியர் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதை அது வெளியேற்றாது. பல பூஞ்சைக்கொல்லிகளோடு கலந்து ஊற்றினால் அதுவும் செத்துப்போகும், நம்மில் பலர் செய்கிற தப்பு இது.

சரி, எப்படி அறுத்துப் பார்ப்பது? ஆயிரம் கன்றுக்குப் பத்துக் கன்றையாவது அறுங்கள் என்று நான் சொல்வேன், பத்து கன்றின் விலை ஒரு வருடம் வீணாவதை விடக் குறைவு. நல்லதாகப் பார்த்துப் பொறுக்காமல், கட்டுக்குக் கட்டு கலந்து எடுங்கள். முதலில் கட்டைவிரலால் ஒட்டை ஒரு பக்கமாக அழுத்துங்கள். வாய் திறந்தால் ஒட்டு கூடவில்லை, அந்தக் கன்றே வேண்டாம். அப்புறம் அடித்தண்டின் பட்டையைச் சீவுங்கள், உள்ளே வெளுப்பாக இருக்க வேண்டும். பிறகு அடியில், நடுவில், ஒட்டுக்குக் கீழே என்று மூன்று இடத்தில் குறுக்கே வெட்டுங்கள். கத்தரியை ஒவ்வொரு கன்றுக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். ஒட்டைச் சுற்றியும் மொட்டுத் தழும்பை ஒட்டியும் கொஞ்சம் பழுப்பு இருப்பது சகஜம், காயம் ஆறின அடையாளம் அது. அந்தப் பழுப்பு தழும்பைத் தாண்டி ஒரு விரல், ரெண்டு விரல் என்று ஓடினாலோ, வளையமாகக் கரும்புள்ளிகள் தெரிந்தாலோ, அடித்தண்டில் கறுப்பு ஏறியிருந்தாலோ நர்சரியில் பேசுங்கள். பத்தில் ஒன்று அப்படி இருந்தால் நான் யோசிப்பேன், மூன்று இருந்தால் திருப்பி அனுப்பச் சொல்வேன். இது என் கணக்கு, சட்டம் இல்லை. எல்லாம் வெளுப்பாக இருந்தாலும் உள்ளே ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள், வெளுத்த மரத்திலிருந்தும் இந்தப் பூஞ்சைகள் வளர்ந்திருக்கின்றன.

கம்பத்தில் பன்னீர் திராட்சை பெரும்பாலும் சொந்த வேரில், குச்சி நட்டு வருவதுதான். ஒட்டு இல்லையே, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். கவாத்து முடிந்து வரப்பில் குவித்திருக்கும் குச்சியிலிருந்து விதைக்குச்சி பொறுக்கும் பழக்கம் எனக்கு ரொம்பக் கவலை தருகிறது, வயசான கொடி, காய்ந்த கை உள்ள கொடி எல்லாம் அதே குவியலில்தான் கிடக்கிறது. வருடத்துக்கு ரெண்டு கவாத்துக்குக் குறையாத நம் தோட்டங்களில் காயத்துக்கும் பஞ்சமில்லை. நல்ல கொடிகளைக் காய் இருக்கும்போதே பார்த்து நாடா கட்டி வைத்து, அதிலிருந்து மட்டும் எடுங்கள். மகாராஷ்டிரத்தில் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியைப் பையில் வேர்விட வைத்து, தோட்டத்தில் நட்டு, பிறகு அங்கேயே ஒட்டுக் கட்டுகிறார்கள். அங்கே ஒட்டுக் கட்டுபவரின் கத்திதான் நர்சரி. அந்தக் கத்தியைத் துடைக்கச் சொல்ல வேண்டியது தோட்டக்காரர்.

நட்ட பிறகு முதல் வருடம் கொடியைக் கஷ்டப்படுத்தாதீர்கள். வேர் மடங்கி நட்ட கன்று, தண்ணீர் தேங்கின குழி, பந்தல் மூடும் முன்பே காய்க்க விட்ட கொடி, இவற்றில்தான் உள்ளே தூங்கினது எழுந்துகொள்கிறது.

சந்தேகம் வந்தால் ஆய்வுக்கு அனுப்புங்கள். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கோவையில் பயிர் நோயியல் துறை இருக்கிறது. முழுக்கக் காய்ந்த கொடியை அனுப்பாதீர்கள், அதில் மிச்சம் தின்ன வந்த பூஞ்சைதான் வளரும். பாதி நலிந்த கொடியை வேரோடு எடுத்து, மண்ணை உதறி, கழுவாமல், செய்தித்தாளில் சுற்றி, எந்த நர்சரிக் கட்டு, எந்த வரிசை, எப்போது நட்டது என்று பென்சிலால் எழுதிக் கட்டி, ரெண்டு நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். ஈரம் பண்ணிப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே வேறு பூஞ்சை பிடித்துக்கொள்ளும். தட்டை ஒரு மாதமாவது வைத்திருந்து பார்க்கச் சொல்லி அவர்களிடம் கேளுங்கள்.