குருதிக்குழாய் அறுவை மருத்துவம்: ‘வாஸ்குலர் சர்ஜரி’ என்ற சொல்லின் கதை

என் பெரியம்மாவுக்குக் கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் புழு சுருண்டு கிடப்பதுபோல் புடைப்புகள். மாலையானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும். “நரம்பு சுருட்டிக்கிச்சு” என்றார். நரம்புக்கு நரம்பு டாக்டர்தானே? நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அரைநாள் காத்திருந்து உள்ளே போனார். அவர் காலைப் பார்த்ததும், “அம்மா, இது என் துறை இல்லை, வாஸ்குலர் சர்ஜனைப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த பெரியம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “அது என்னடா டாக்டர்?” என்பதுதான்.

மருத்துவப் படிவங்களைத் தமிழாக்கும் வேலையில் இருக்கும் எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. பெரியம்மா செய்தது பிழையே இல்லை. ‘நரம்பு’ என்ற சொல்லை அவர் பழைய பொருளில் சொன்னார். புறநானூற்றின் 278-ஆம் பாட்டு ஒரு முதிய தாயை ‘நரம்பு எழுந்து உலறிய நிரம்பா மென்தோள்’ என்று காட்டுகிறது. வற்றிய தோளில் புடைத்து எழுந்து கண்ணுக்குத் தெரிவது எது? இரத்தம் ஓடும் குழாய்தான். இன்று நாம் நரம்பு என்று பாடநூலில் படிப்பது தோலுக்கு மேல் அப்படிப் புடைத்துத் தெரிவதில்லை. யாழின் தந்தியும் நரம்பு, தசைநாரும் நரம்பு, இரத்தக்குழாயும் நரம்பு என்று இழைபோல நீண்டு கிடக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்கிய சொல் அது. அறிவியல் தமிழ் வந்தபோது மூளைக்கும் உடலுக்கும் இடையே உணர்வையும் கட்டளையையும் கடத்தும் இழைக்கு மட்டும் அதை உரிமையாக்கினோம். பேச்சு வழக்கு அந்த உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை. ‘நரம்பு ஊசி’, ‘ஊசி போட நரம்பே கிடைக்கல’ என்று இன்றும் சொல்கிறோம். இதயத்துக்கு இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் குழாயான சிரையைத்தான் சொல்கிறோம்.

இனி ‘வாஸ்குலர்’. இலத்தீனில் ‘வாஸ்’ என்றால் பாத்திரம். அதன் சிறுமை வடிவம் ‘வாஸ்குலும்’, அதாவது சிறு கலம். ஆங்கிலத்தின் ‘வெசல்’ என்ற சொல்லும் அதே ‘வாஸ்’ வழியில் வந்ததுதான். அந்த ஒரே சொல் பாத்திரத்தையும் கப்பலையும் குருதி ஓடும் குழாயையும் குறிக்கிறது. நம் ‘கலம்’ அப்படியே இதற்கு இணை நிற்கிறது: உண்கலம், மரக்கலம். இலங்கைத் தாவரவியல் நூல்களில் தண்டுக்குள் நீரும் உணவும் ஏறியிறங்கும் குழாய்த் தொகுதிக்குக் ‘கலன்கட்டு’ என்று பெயர். இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருந்தும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘வாஸ்குலார் கற்றை’ என்று எழுதிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்தான்.

‘சர்ஜரி’யின் வேர் கிரேக்கம்: ‘கெய்ர்’ என்றால் கை, ‘எர்கோன்’ என்றால் வேலை. கைவேலை. தமிழ் வேறு வழியில் போயிற்று, ‘அறு’ என்ற வினையைப் பிடித்துக்கொண்டு அறுவை ஆக்கிற்று. அதுவும் புதிதல்ல. ‘வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன் போல்’ என்று பாடுகிறார் குலசேகர ஆழ்வார். அறுத்த பின் ஏன் சுட வேண்டும்? அறுபட்ட குழாயிலிருந்து பீறிடும் இரத்தத்தை நிறுத்தத்தான். காய்ச்சிய இரும்பை வைத்துப் பொசுக்குவது உலகெங்கும் நெடுங்காலம் இருந்த வழி. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் போர்க்கள மருத்துவர் அம்புருவாஸ் பாரே, உறுப்பை வெட்டியெடுக்கும்போது சுடுவதை விட்டு, குழாயை நூலால் கட்டி இரத்தத்தை நிறுத்தினார்.

கட்டினால் உயிர் பிழைக்கும். ஆனால் கட்டிய குழாய் அடைபட்ட குழாய்தான், அதற்கப்பால் இரத்தம் போகாது. அறுந்ததை மறுபடி இணைத்து ஓடவிடுவது எப்படி? 1894-இல் பிரான்சின் லியோன் நகரில் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குப் போகும் பெருஞ்சிரை அறுபட்டிருந்தது, மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை. அந்த நகரத்தில் அப்போது மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் கரெல், குழாயைத் தைத்துவிடலாமே என்று விடாமல் முயன்றார். துணியில் பூவேலை செய்யும் பெண்ணிடம் நுண்ணூசி பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

அவர் கண்ட உத்தியைச் சற்றுப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அறுபட்ட குழாயின் வாய் வட்டம். மெல்லியது, வழுக்குவது, விட்டால் சுருங்கி மூடிக்கொள்வது. வட்டத்தைச் சுற்றித் தைக்கப் போனால் ஊசி எதிர்ச்சுவரையும் சேர்த்துக் குத்திவிடும், உள்வழி அடைந்துவிடும். கரெல் இரு முனைகளையும் எதிரெதிராக வைத்து, சம இடைவெளியில் மூன்றே மூன்று தையல் போட்டார். மூன்று நூலையும் மூன்று பக்கமாக இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். இப்போது தைக்க வேண்டியது வளைவை அல்ல, நேரான மூன்று விளிம்புகளை. 1902-இல் இதை வெளியிட்டார், 1912-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தத் துறை நிற்பது அந்தத் தையலின் மேல்தான். ‘கைவேலை’ என்ற கிரேக்க வேர் இங்கே ‘அறுவை’யைவிட நன்றாகப் பொருந்துகிறது என்றுகூட எனக்குத் தோன்றும்.

தமிழில் இந்தக் குழாய்களுக்கு என்ன பெயர்? இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. இரண்டும் வடமொழி வழி வந்தவை. ‘சிரை’ ஓடுவதால் வந்த பெயர் என்று சரக சங்கிதை காரணம் சொல்கிறது. ‘தமனி’யின் வேருக்கு ஊதுதல் என்று பொருள். குழலுக்கும் அது பெயர். வியப்பு என்னவென்றால், ஆங்கிலத்தின் ‘ஆர்ட்டரி’க்கு மூலமான கிரேக்கச் சொல்லும் முதலில் மூச்சுக்குழாயைக் குறித்ததுதான். இறந்த உடலில் தமனிகள் வெறுமையாகக் கிடந்ததால், அவற்றில் காற்று ஓடுவதாகப் பழைய கிரேக்கர்கள் நினைத்தார்கள். அங்கே குருதி ஓடுவதைப் பிறகு காலன் என்ற மருத்துவர் காட்டினார். இரண்டு மொழிகள், இரண்டிலும் மூச்சு.

இலங்கைத் தமிழில் தமனிக்கு ‘நாடி’, சிரைக்கு ‘நாளம்’. தமிழ்நாட்டில் நாடி என்றால் கை பிடித்துப் பார்க்கும் துடிப்பு, நாளம் என்றால் பொதுவாக எந்த இரத்தக்குழாயும். இது போதாதென்று ‘நாளமில்லாச் சுரப்பி’ என்கிறோம். அங்கே நாளம் சுரப்பு நீரை வெளியே கொண்டுபோகும் குழாய். உள்ளே துளையுள்ள தாமரைத் தண்டு என்பது அச்சொல்லின் பழைய பொருள், அதனால் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்கிறது.

இது ஏட்டுச் சண்டை இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் தொடங்குமுன், மணிக்கட்டில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைப்பார்கள். தமனியின் அழுத்தத்தில் சிரை வாரக்கணக்கில் தடித்து, பெரிய ஊசியைத் தாங்கும் அளவுக்கு வளரும். விரலை மேலே வைத்தால் தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிர்வு தெரியும். அந்த அதிர்வு நின்றால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். இதற்கான ஒப்புதல் படிவத்தில் ‘நாடியையும் நாளத்தையும் இணைத்தல்’ என்று எழுதினால் இலங்கை வாசகருக்குத் தெளிவு, தமிழ்நாட்டு வாசகருக்குக் குழப்பம்.

மருத்துவமனைப் பலகைகளில் ‘இரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவு’ என்பது பரவிவிட்டது. அதைத் தவறு என்று தள்ள மாட்டேன். ஆனால் புதிதாக எழுதும் இடத்தில் குருதிக்குழாய் அறுவை மருத்துவம் என்றே எழுதுகிறேன். ‘குருதி’ குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே காந்தளுக்குக் ‘குருதிப்பூ’ என்று நிறம் ஏற்றிய சொல். ‘குழல்’ என்றால் இசைக்கருவியும் கூந்தலும் கூட வந்து நிற்கும், ‘குழாய்’ என்றால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று குழந்தைக்கும் தெரியும். மேசையில் படுக்கவைத்துச் செய்வது ‘அறுவைச் சிகிச்சை’, துறையின் பெயர் ‘அறுவை மருத்துவம்’. இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது.

குறை இல்லாமல் இல்லை. நிணநீர்க் குழாய்களும் இந்தத் துறைக்குள் வரும், ‘குருதி’ என்ற முன்னொட்டு அவற்றை வெளியே நிறுத்திவிடுகிறது. மறுபக்கம், இதயத்தின் தமனிகளும் மண்டையோட்டுக்குள் இருக்கும் குழாய்களும் பெரும்பாலும் வேறு துறையினர் கையில். கழுத்துத் தமனி, வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கம், காலில் ஏற்படும் அடைப்பு, பெரியம்மாவுக்கு வந்ததுபோன்ற சுருள்சிரை ஆகியவைதான் இவர்களுடைய அன்றாட வேலை.

‘அறுவை’யும் இப்போது ஆட்டம் காண்கிறது. 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் 82 வயதுப் பெண் ஒருவர், அழுகத் தொடங்கிய காலை வெட்டியெடுக்கச் சம்மதிக்கவில்லை. கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் தொடைத் தமனிக்குள் மெல்லிய குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்தி, சுருங்கிய இடத்தை விரித்தார். கால் பிழைத்தது. இன்று இந்த மருத்துவர்கள் செய்வதில் பெரும்பங்கு இப்படிக் குழாய்க்குள்ளேயே நடப்பது. இந்த முறையை ‘உள்குழாய்ச் சிகிச்சை’ என்று எழுதிவருகிறேன்.

பெரியம்மாவுக்கு அன்று ஒரு துண்டுத்தாளில் ‘குருதிக்குழாய் அறுவை மருத்துவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மருத்துவமனை வரவேற்பில் அவர் தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டு, “ரத்தக்குழாய் டாக்டரைப் பார்க்கணும்மா, கால்ல சுருட்டிக்கிச்சு” என்றார். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “மூணாவது ரூம்” என்றாள்.