எழுத மறுக்கும் பழைய பேனாவுக்குள் என்ன நடக்கிறது?

பல வருடம் இழுப்பறையில் கிடந்த மைப் பேனா கையில் கிடைத்தால், எல்லோரும் முதலில் கை வைப்பது நிப்பில்தான். நகத்தால் நெம்புவார்கள், தாளில் அழுத்தித் தேய்ப்பார்கள், தரையெல்லாம் மை தெறிக்க உதறுவார்கள். பாவம், நிப்பு பெரும்பாலும் நிரபராதி. கோளாறு உள்ளே இருக்கும்: காய்ந்து அடைத்த மை, இறுகிப்போன ரப்பர், மூடிக்கொண்ட காற்று வழி.

மையை வெளியே வரவைப்பது பெரிய காரியமே இல்லை, புவியீர்ப்பே அதைச் செய்துவிடும். கொட்டாமல் பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டம். குறுகிய வாய் உள்ள பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துப் பாருங்கள். மளமளவென்று கொட்டாது, குபுக் குபுக்கென்று விட்டு விட்டு வரும். வெளியேறும் தண்ணீரின் இடத்துக்குக் காற்று உள்ளே போனால்தான் அடுத்த குபுக். பேனாவிலும் இதே கணக்குதான், ஆனால் மிகச் சிறிய அளவில். நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையில் மெல்லிய வாய்க்கால்கள் வெட்டியிருப்பார்கள். நுண்புழை ஈர்ப்பால், அதாவது குறுகிய இடுக்கில் திரவம் தானாக இழுபடும் தன்மையால், மை அவற்றின் வழியாக நிப்பின் பிளவுக்கு வரும். எழுத எழுத மை குறைந்து உள்ளே அழுத்தம் தணியும்போது, அதே கட்டை வழியாகச் சிறு சிறு குமிழியாகக் காற்று உள்ளே ஏறும். 1884இல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றது இந்தக் கட்டையின் வாய்க்கால் அமைப்புக்குத்தான். மை வெளியே, காற்று உள்ளே என்ற இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றால் பேனா எழுதாது. கட்டுப்பாடு இல்லாமல் நடந்தால் கக்கும்.

எனவே முதல் வேலை தண்ணீர். மையில் இருந்த நீர் ஆவியாகி, சாயம் மட்டும் வாய்க்கால்களில் படிந்து கிடக்கிறது. பெரும்பாலான மைகள் சாதாரண நீரிலேயே மறுபடி கரையும், அவசரப்படாமல் இருந்தால் போதும். நிப்புப் பகுதியை மட்டும் குளிர்ந்த நீரில் நிற்கவைத்து, நீர் கலங்கக் கலங்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடம்பிடிக்கும் அழுக்குக்கு ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு சேர்க்கலாம். சாராயம், அசிட்டோன் பக்கமே போகக் கூடாது, பழைய பேனாக்கள் பலவற்றின் செல்லுலாய்டு (அந்தக் காலத்து பிளாஸ்டிக்) உடல் கரைந்து குழையும். சுடுநீரும் வேண்டாம். பழைய கறுப்புப் பேனாக்கள் பலவும் எபோனைட்டில் செய்தவை. எபோனைட் என்பது ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய பொருள். வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பில் இருக்கும் கந்தகம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, கறுப்பு மங்கிப் பழுப்பாகும். சுடுநீரில் ஊறினால் இந்த மாற்றம் கண்ணெதிரே நடக்கும். அதனால்தான் முழுப் பேனாவையும் ஊறப்போடக் கூடாது என்கிறார்கள்.

அடுத்தது ரப்பர் பை. பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் வைத்த பேனாக்களில் மை தங்குவது உடலுக்குள் இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் பையில். நெம்புகோலைத் தூக்கினால் ஒரு பட்டை பையை அமுக்கும். விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். இயற்கை ரப்பருக்கு ஆயுள் உண்டு. ஆக்ஸிஜன் படப்பட நெகிழ்வு போய், கடைசியில் முட்டை ஓடுபோல் இறுகி நொறுங்கும். நெம்புகோல் அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், பை கல்லாகிவிட்டது என்று அர்த்தம். அழுத்தினால் நெம்புகோல்தான் உடையும்.

பையை மாற்ற, விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதியை உடலிலிருந்து கழற்ற வேண்டும். அது அரக்கால் ஒட்டியிருக்கலாம், இறுக்கிச் செருகியதாக இருக்கலாம், சிலவற்றில் மரையும் உண்டு. அரக்கு சூட்டில் இளகும் என்பதுதான் நமக்கு வசதி. ஹேர் டிரையரைத் தள்ளி வைத்து, பேனாவைச் சுழற்றிக்கொண்டே 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றி, மெல்ல அசைத்துப் பார்க்கலாம். வரவில்லையா, மறுபடி சூடு, மறுபடி அசைவு. நெருப்பு மட்டும் கூடவே கூடாது. செல்லுலாய்டு என்பது நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸ், குபீரென்று பற்றிக்கொள்ளும். கழன்றதும் பழைய பைத் துண்டுகளைச் சுரண்டி எடுத்து, புதிய பையை அளவாக வெட்டி, கழுத்தின் காம்பில் அரக்குப் பூசி மாட்டி, ஓர் இரவு காயவிட வேண்டும். பையின் மேல் கொஞ்சம் டால்க் தூள் தடவினால் உடலோடு ஒட்டாது. இங்கே சூப்பர் குளூ எடுப்பவர்களை மன்னிக்கவே முடியாது, அடுத்து பழுதுபார்ப்பவர் பேனாவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். வாசலினும் ஆகாது, அது ரப்பரை அரிக்கும்.

எல்லாப் பையும் இப்படி இல்லை. 1941இல் வந்த பார்க்கர் 51 என்ற பேனாவில், 1948 முதல் அமுக்கி நிரப்பும் வகைக்கு பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த பை போட்டார்கள். அவற்றில் பல இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. அதைத் தொடாமல் கழுவி மட்டும் விடுவதே நல்லது.

சரி, இப்போது நிப்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். நல்ல பழைய நிப்புகள் 14 காரட் தங்கம். அந்தக் காலத்து இரும்பு மை அமிலத்தன்மை கொண்டது, எஃகை அரித்துவிடும், தங்கத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தாளைத் தொடுவது தங்கம் இல்லை. இரிடியம் என்று நாம் சொல்லும் கடினமான உலோகக் கலவையின் சிறு மணி ஒன்று முனையில் பற்றவைத்திருக்கும். பிளவு அந்த மணியையும் இரண்டாகப் பிரிக்கும். லென்ஸில் நேர் எதிரே வைத்துப் பார்த்தால் இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் பேனா கீறும். தாழ்ந்ததை நகத்தால் மெல்ல மேலே தள்ளி, விட்டுப் பார்த்து, மறுபடி தள்ளினால் போதும். கீறல் தொல்லைகளில் பாதி இங்கேயே தீரும்.

பிளவு முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போக வேண்டும். மை எப்போதும் குறுகலான இடத்தை நோக்கித்தான் இழுபடும். அழுத்தி எழுதி முனை விரிந்துபோன நிப்பில் மை நடுவழியிலேயே நின்றுவிடும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் அடம்பிடிப்பதன் காரணம் இதுதான். தேய்ப்புத் தாள் கடைசி ஆயுதம். 12000 எண் உள்ள மிக நைசான தாளில் எட்டு வடிவில் நாலைந்து முறை, அவ்வளவே. அந்த மணி போனால் வீட்டில் திருப்பி வைக்க முடியாது.

மை நிரப்பும் முன் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பாருங்கள். அப்புறம் சாதாரண நீல மை. இந்தியன் இங்க் வேண்டாம், அதில் கரித் துகளும் அரக்கும் இருக்கும், காய்ந்தால் வாய்க்கால் மொத்தமும் போச்சு. பை நிறைய இருக்கும்போது ஒழுங்காக எழுதிவிட்டு, மை தீரும் தறுவாயில் கக்கினால் உடனே கட்டையைக் குற்றம் சொல்லாதீர்கள். காலிப் பையில் காற்று அதிகம். கைச்சூட்டில் அது விரிந்து மையைத் தள்ளுகிறது. கட்டையில் சீப்புப் பல்போல் வெட்டிய பள்ளங்கள் அந்த உபரியைத் தாங்கத்தான். அவையும் நிரம்பினால் கக்கும். முக்கால்வாசி தீர்ந்ததும் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள்.