சிறுநீர் ரிப்போர்ட்டில் பஸ் செல்ஸைப் பார்த்து மாத்திரை வாங்காதீர்கள்

போன வாரமும் ஒரு அம்மாவை வார்டில் சேர்த்தோம். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி. சிறுநீர் கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்து அதற்குக் கேட்கும் என்று பார்க்கும் டெஸ்ட்) ஈ.கோலை என்ற கிருமி. மருந்துப் பட்டியலில் மேலிருந்து கீழே ‘ஆர்’, ‘ஆர்’ என்றே வந்தது. அந்த மருந்துகளுக்கெல்லாம் இந்தக் கிருமி அசையாது. மாத்திரைகளில் நைட்ரோஃபுரன்டாயின் மட்டும் கேட்கும் என்று இருந்தது. ஆனால் அது சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்குத்தான். சிறுநீரகத் திசுவுக்குள் போதிய அளவு போய்ச் சேராது. மெரோபெனம் ஊசியைத் தவிர வழியில்லை.

மகன் கொண்டுவந்த ஃபைலைப் புரட்டினேன். நோயே இல்லாத நாளில் வைத்தியம் ஆரம்பித்திருக்கிறது! ஏதோ ஃபுல் பாடி செக்கப். சிறுநீரில் பஸ் செல்ஸ் 10-15 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அவருக்கு எரிச்சல் இல்லை, கடுப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. ரிப்போர்ட்டை மெடிக்கலில் காட்டி ஒஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கியிருக்கிறார்கள். மறுபடி டெஸ்ட், மறுபடி பஸ் செல்ஸ். அடுத்து செஃபிக்ஸிம். அப்புறமும் ‘கிளியர்’ ஆகவில்லை என்று இன்னொரு மாத்திரை.

இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது போலிருக்கிறது. பஸ் செல்ஸ் என்பது வெள்ளை அணுக்கள். அவை கிருமியல்ல. வெள்ளைப்படுதல் இருக்கும் பெண் சரியாகச் சுத்தம் செய்யாமல் பிடித்துக் கொடுத்தால் வரும். கல் இருந்தால் வரும். சிறுநீர் போக டியூப் போட்டிருந்தால் வரும். (பஸ் செல்ஸ் தொடர்ந்து வருகிறது, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் நாங்கள் சிறுநீரக டிபியைக்கூடத் தேடுவோம். அப்போது இந்த மாத்திரைகளை மாற்றி மாற்றிப் போடுவது நாளைக் கடத்தத்தான் உதவும்.)

சரி, கல்ச்சரில் கிருமியே வளர்ந்துவிட்டது, ஆனால் தொந்தரவு ஒன்றும் இல்லை. அப்போது? அப்போதும் பெரும்பாலும் மருந்து வேண்டாம். வயதான பெண்களிலும் சர்க்கரை நோயாளிகளிலும் பலருக்குக் கிருமி சும்மா இருக்கும். மாதக்கணக்கில் டியூப் போட்டிருப்பவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே இருக்கும். அதைக் கொல்லப் போனால் சாதுவான கிருமி சாகும், மருந்துக்கு மசியாதது அந்த இடத்தில் குடியேறும். கர்ப்பிணிகளும், புராஸ்டேட் போன்ற சிறுநீர்ப்பாதை ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் விதிவிலக்கு. அவர்களுக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து தருவோம். மற்றவர்களுக்கு வைத்தியம் முடிந்து எரிச்சலும் காய்ச்சலும் போய்விட்டால், ‘கிளியர் ஆயிடுச்சா’ என்று பார்க்க மறு டெஸ்ட்டே தேவையில்லை.

“யூரினுக்கு நான் மாத்திரையே சாப்பிட்டதில்லையே டாக்டர், எனக்கு எப்படி மருந்துக்கு மசியாத கிருமி வந்தது?” என்று கேட்பவர்களும் உண்டு. சிறுநீருக்குள் ஏறும் ஈ.கோலை நம் குடலில் இருப்பதுதான். சளிக்கு வாங்கிய செஃபிக்ஸிமும், பேதிக்கு வாங்கிய நார்ஃபிளாக்சசினும் அந்தக் குடல் கிருமிக்குத்தான் பயிற்சி கொடுத்திருக்கின்றன. பழகிப்போனது உங்கள் உடம்பல்ல, கிருமி. அது வீட்டில் இன்னொருவருக்கும் பரவும்.

சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறப்புறுப்பில் அரிப்பும் எரிச்சலும் வந்தால் பெரும்பாலும் அது பூஞ்சைத் தொற்று. ஆன்டிபயாடிக் போட்டால் கூடும். யாரிடம் காட்டினாலும் அந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

கல்ச்சர் எல்லோருக்கும் வேண்டியதில்லை. இளம் பெண்ணுக்கு முதல் தடவை வரும் சாதாரண நீர்க்கடுப்புக்கு அது இல்லாமலே வைத்தியம் செய்யலாம். திரும்பத் திரும்ப வருகிறதா, கர்ப்பமா, ஆணா, காய்ச்சல் இருக்கிறதா, அப்படியானால் கல்ச்சர் கட்டாயம். அதுவும் முதல் மாத்திரைக்கு முன்னால். ஒரு வேளை மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி வளராமல் போகலாம். லேப் தரும் டப்பாவில் மட்டும் பிடியுங்கள். வீட்டில் கழுவி வைத்த பாட்டில் வேண்டாம். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, உடனே கொடுங்கள். ஈ.கோலை வசதியான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்த சாம்பிளை வைத்துக்கொண்டு மைக்ரோபயாலஜிஸ்ட் என்ன சொல்ல முடியும்? ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் மருந்து தொடங்க வேண்டியிருந்தால் தொடங்குவோம், ரிப்போர்ட்டைப் பார்த்து மாற்றுவோம். அதில் ‘எஸ்’ (கிருமிக்குக் கேட்கும்) என்று போட்டதை நீங்களே தேர்ந்தெடுத்து வாங்காதீர்கள்.

மருந்துக்கடை நண்பர்களே, 2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் எச்1 என்ற மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியல் நடப்பில் இருக்கிறது. செஃபிக்ஸிம் அந்தப் பட்டியலில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. எழுதிய டாக்டர், வாங்கியவர் பெயரைப் பதிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். “ரெண்டு வேளைக்கு மட்டும் கிழிச்சுக் குடுங்கண்ணே” என்பவரிடம் மறுப்பது சங்கடம்தான், தெரியும். தயவுசெய்து மறுங்கள்.

குளிர் காய்ச்சல், விலா வலி, வாந்தி, கர்ப்பிணிக்குக் கடுப்பு, கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல். இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே வந்துவிடுங்கள், ராத்திரியானாலும் சரி. வரும் வழியில் கடையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் வராதீர்கள்.