ஊதியப் பாகுபாடு: சொல் விளக்கம்

'பே டிஸ்கிரிமினேஷன்' என்பதை ஊதிய வேறுபாடு, ஊதிய இடைவெளி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இரண்டுமே பொருந்தாது. சம்பள வேறுபாடு நியாயமாகவும் இருக்கலாம், இருபது வருஷம் வேலை பார்த்தவரும் நேற்று சேர்ந்தவரும் ஒரே சம்பளமா வாங்குவார்கள்? இடைவெளி என்பது எல்லா ஆண்களின் சராசரிக்கும் எல்லாப் பெண்களின் சராசரிக்கும் உள்ள தூரம், வெறும் கணக்கு. ஒரே மாதிரி வேலைக்கு, செய்கிறவர் பெண் என்றோ இன்ன இனம் என்றோ பார்த்துக் குறைத்துக் கொடுத்தால் அது ஊதியப் பாகுபாடு.

'டிஸ்கிரிமினேஷன்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, பிரித்தல் என்பதே முதல் பொருள். நம்முடையதும் அப்படித்தான்: பாகு என்றால் பகுதி, திணைப் பாகுபாடு என்னும்போது அதில் குற்றம் ஏதும் இல்லை. 'ஊதியம் இல்லை உயிர்க்கு' என்ற குறளில் ஊதியம் ஆதாயம்தான், சம்பளம் என்ற பொருள் பின்னால் வந்தது. பேச்சில் நாம் ஓரவஞ்சனை என்போம். நல்வழியின் 'மன்றோரம் சொன்னார்', அதாவது சபையில் ஒருபக்கமாகச் சாய்ந்து பேசியவர், என்பதில் வரும் அதே ஓரம்! எனக்குப் பிடித்த சொல், ஆனால் சட்டம் பேசப் பாகுபாடுதான் தோது.

கட்டட வேலையில் இது ஆளின் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. கலவைச் சட்டி சுமக்கும் பெண் சித்தாள், அதாவது சின்ன ஆள். கூட நிற்கும் ஆண் பெரியாள். சட்டி ஒன்றுதான், கூலி மட்டும் இரண்டு. கேட்டால் 'அது வேற வேலைம்மா' என்று முடித்துவிடுவார்கள்.

இதே சாக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனம் ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடக் குறைவாகத் தனக்குச் சம்பளம் தந்ததாக ஆட்ரி டி'கோஸ்டா தொடுத்த வழக்கில், பெண்கள் பார்ப்பது வேறு வகை வேலை என்றது நிறுவனம். 1987 தீர்ப்பு அதை ஏற்கவில்லை. 2025 வரை நடப்பிலிருந்த 1976 சம ஊதியச் சட்டம் ஒரே வேலையோடு 'ஒத்த தன்மையுள்ள வேலை'யையும் சேர்த்துச் சொன்னதால், பதவிப் பெயரை மாற்றித் தப்பிக்க முடியவில்லை.

ஆனால் அந்தச் சட்டம் ஆண், பெண் பாகுபாட்டை மட்டுமே பேசியது. அமெரிக்காவின் 1963 சம ஊதியச் சட்டமும் அப்படித்தான், இனமும் நிறமும் அங்கே 1964 குடிமை உரிமைகள் சட்டத்தில்தான் வந்தன. அதனால் எழுதும்போது பாலின ஊதியப் பாகுபாடா, இன ஊதியப் பாகுபாடா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.